பனிக்கால வீட்டுச் சமையல் (தமிழ்நாடு)

பனிக்கால வீட்டுச் சமையல் என்பது மார்கழி, தை, மாசி மாதங்களில் அந்தந்த வட்டாரத்தில் விளையும் காய்கள், கிழங்குகள், பயறுகள் ஆகியவற்றைக் கொண்டு குடும்பங்களில் சமைக்கும் முறையாகும். தமிழ் மரபில் மார்கழியும் தையும் முன்பனிக்காலம் என்றும், மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம் என்றும் வழங்கப்படுகின்றன. திருவாதிரைக் களி, பொங்கல் குழம்பு போன்ற உணவுகள் விழாவோடு சேர்த்து அறியப்பட்டாலும், அவற்றில் சேரும் பொருள்களைப் பெரும்பாலும் அப்பருவத்தின் விளைச்சலே முடிவு செய்கிறது.

பருவமும் விளைச்சலும்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. இம்மழை ஓயும்போது மண்ணில் ஈரம் நிறைந்திருக்கும். வெயில் கடுமையாக இராது. ஆடியில் விதைத்த அவரை, மொச்சை, துவரை ஆகியவை இக்காலத்தில் காய்த்துக் குலுங்கும். சம்பா நெல் தை மாதத்தை ஒட்டி அறுவடையாகும். சித்திரை, வைகாசியில் நட்ட சேனைக்கிழங்கும் இப்போதுதான் தோண்டப்படும். சர்க்கரைவள்ளி, சிறுவள்ளி, இலையோடு கூடிய புது மஞ்சள், இஞ்சி ஆகியவையும் சந்தைக்கு வரும்.

அவரை, மொச்சையின் நாட்டு வகைகள் பகல்பொழுது குறையும்போது பூக்கும் இயல்புடையவை. எனவே முன்கூட்டியே விதைத்தாலும் அவை பனிக்காலத்தை ஒட்டியே காய்க்கும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி இத்தகைய பயிர்களுக்கு நன்கு பொருந்தும்.

முக்கியப் பொருள்கள்

மொச்சை: பச்சை மொச்சையை உரித்துக் குழம்பு, கூட்டு, பொரியல் செய்வர். தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் மொச்சையை ஊறவைத்து, விரலால் பிதுக்கித் தோலை நீக்கிப் பிதுக்குப் பருப்புக் குழம்பு வைப்பர். காய்ந்த மொச்சையை இரவு முழுதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்கு வேகவைக்க வேண்டும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணக் கூடாது.

சிறுகிழங்கு: திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் விரும்பி உண்ணப்படுவது. தனி மணம் உடையது. தோல் மெல்லியதாகவும் கிழங்கு சிறியதாகவும் இருப்பதால் கத்தியால் சீவுவது கடினம். நீரில் ஊறவைத்து, சாக்கில் கட்டிச் சொரசொரப்பான தரையில் தேய்த்தால் தோல் எளிதில் கழன்றுவிடும்.

சேனைக்கிழங்கு: இதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்களால் நாக்கிலும் தொண்டையிலும் அரிப்பு உண்டாகும். புளி நீர் சேர்த்து நன்கு வேகவைத்தால் அரிப்புக் குறையும்.

பனங்கிழங்கு: ஆவணி, புரட்டாசியில் விழும் பனம்பழத்தின் கொட்டைகளை மண்ணில் புதைத்தால், மூன்று நான்கு மாதங்களில் கிழங்கு முற்றும். உப்பும் மஞ்சளும் சேர்த்து அவித்து, தோலையும் நடுநாரையும் நீக்கி உண்பர். யாழ்ப்பாணத்தில் பச்சைக் கிழங்கைக் கிழித்து உலர்த்தி ஒடியலாகவும், அவித்து உலர்த்திப் புழுக்கொடியலாகவும் சேமிப்பர். ஒடியல் மாவில் செய்யும் ஒடியற்கூழ் அங்கு பெயர்பெற்றது.

பல காய்கள் சேரும் குழம்பு

பனிக்கால உணவுகளில் பொதுவாகக் காணப்படுவது பல காய்களும் கிழங்குகளும் ஒன்றுசேரும் சமையல். திருவாதிரைக் களிக்கு ஏழு காய்கள் சேர்த்த கூட்டு தொட்டுக்கொள்ளப்படுகிறது. பொங்கலன்று பல வீடுகளில் மொச்சை, அவரை, பரங்கி, சேனை, சர்க்கரைவள்ளி சேர்த்துக் குழம்பு வைக்கப்படுகிறது. பரங்கியைக் கொங்குப் பகுதியில் அரசாணிக்காய் என்பர்.

வீட்டுத் தோட்டத்தில் ஒரு நாளில் கிடைப்பது ஒரு கை அவரை, ஒரு கீற்றுப் பரங்கி, இரண்டு மூன்று கிழங்கு என்ற அளவில்தான் இருக்கும். தனித்தனியே சமைத்தால் எதுவும் குடும்பத்துக்குப் போதாது. ஒன்றாகச் சேர்த்தால் அனைவருக்கும் போதும். பல காய்க் குழம்பு இந்தச் சிக்கனத்துக்கு ஏற்ற முறையாகும்.

இதைச் சமைக்கும்போது வேகும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் மொச்சையும் சேனையும், பாதி வெந்ததும் சர்க்கரைவள்ளியும் அவரையும், கடைசியில் பரங்கியும் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் பரங்கி கரைந்துவிடும், மொச்சை வேகாது நிற்கும். மிஞ்சிய குழம்பையும் கூட்டையும் மறுநாள் ஒன்றாகச் சுண்டவைத்துப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதும் உண்டு.

அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. மொச்சை, துவரை போன்ற பயறுகளில் அது மிகுதி. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது புரதத்தின் தரம் உயர்கிறது. கிழங்குகளில் மாவுச்சத்து மிகுதி என்பதால், சர்க்கரை நோய் உள்ளவர்கள் கிழங்கு சேர்க்கும் நாளில் சோற்றின் அளவைக் குறைத்துக்கொள்வது நல்லது.

குளிரும் சமையலறையும்

குளிர்ந்த இரவுகளில் நுண்ணுயிர்களின் செயல்பாடு குறைவதால் இட்லி மாவு புளிக்கவும், பால் தயிராக உறையவும் கூடுதல் நேரம் ஆகும். மாவை வெதுவெதுப்பான நீர் விட்டு அரைப்பதும், அடுப்பருகே வைப்பதும், உறை ஊற்றிய பாலை அரிசிப் பானைக்குள் வைப்பதும் வீடுகளில் வழங்கும் முறைகள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். இது கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. மிளகு ரசம், சுக்குக் காப்பி, வெண்பொங்கல் போன்றவை சுடச்சுட உண்ணப்படுவதும் இப்பருவத்தின் வழக்கமே.

சேமிப்பு

மாசி, பங்குனியில் மழை குறைந்து வெயில் ஏறத் தொடங்கும். முற்றிய மொச்சையும் துவரையும் அப்போது உலர்த்தப்படும். துவரையைச் செம்மண் குழம்பில் பிசறிக் காயவைத்துப் பின் உடைத்துப் பருப்பாக்குவது பழைய முறை. அவரைக்காயை உப்பு நீரில் அவித்து வற்றலாக்குவர். மறு ஆண்டு விதைப்புக்கான விதையைச் சாம்பலில் கலந்து பானையில் வைப்பர்.

இன்றைய நிலை

ஆண்டு முழுதும் காய்க்கும் குத்துச்செடி அவரை வகைகளும், தொலைவிலிருந்து வரும் காய்களும் இன்று எல்லா மாதங்களிலும் கிடைக்கின்றன. இது நுகர்வோருக்கு வசதி. ஆனால் பருவப் பயிர்களின் நிலை வேறு. சிறுகிழங்கின் நாற்று, முந்தைய ஆண்டு எடுத்துவைத்த கிழங்கிலிருந்து வளரும் கொடியை வெட்டியே நடப்படுகிறது. நாட்டு அவரையின் விதையும் வீட்டிலோ வயலிலோ ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். வாங்குவோர் இல்லையென்றால் உழவர் நடுவதை நிறுத்துவர். தொடர்ந்து சில ஆண்டுகள் நடாவிட்டால் அந்த ஊரின் வகை மறைந்துவிடும். பின்னர் விரும்பினாலும் விதை கிடைக்காது.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், கிழங்குப் பயிர்களில் புதிய வகைகளை உருவாக்குவதோடு நாட்டு வகைகளையும் சேகரித்துக் காக்கிறது. சிறுகிழங்கில் 'ஸ்ரீ தரா' என்னும் வகை அந்நிறுவனம் வெளியிட்டதாகும். எனினும் ஒவ்வோர் ஊரின் அவரையையும் கிழங்கையும் ஆராய்ச்சி நிறுவனம் மட்டுமே காத்துவிட முடியாது. பருவம் வரும்போது அவற்றை வாங்கிச் சமைப்பதும், சில காய்களைப் பறிக்காமல் விதைக்கு விடுவதும் வீடுகளால் செய்யக்கூடியவை. கொடி ஏற ஒரு வேலியும் ஒரு முழம் மண்ணும் இருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தேவையான அவரை விதையைக் காக்கலாம்.