விரல் மடங்காத வேளையில் குழாயில் தண்ணீர்

மும்பையில் நம்மவர்கள் குடியிருக்கும் சால்களில் பொழுது விடிவதே குழாயைக் கொண்டுதான். பல இடங்களில் விடியற்காலையில் ஓரிரு மணி நேரமே தண்ணீர் வரும். அதற்குள் குடம், வாளி, டிரம் எல்லாம் நிரம்பியாக வேண்டும். முடக்குவாதம் கண்டவர்களுக்கு அதே விடியற்காலைதான் பொல்லாத வேளை. தூங்கி எழுந்ததும் விரல்கள் விறைத்துக் கிடக்கும். பிடி கொடுக்க ஒரு மணி நேரம் ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை குழாய் காத்திருக்காது.

சயான் கோலிவாடாவில் ஒரு அம்மாளுக்கு இந்தச் சங்கடம் நான்கு வருஷமாக உண்டு. நெல்லை மாவட்டத்துக்காரர், வயது 42. கணவருக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. இவர் மாதுங்காவில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து வந்தவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார்.

"கை வலிக்குன்னு சொன்னா வேலைக்குச் சோம்பல்னு நெனைப்பாவ தம்பி. அதான் யார்கிட்டயும் சொல்லல" என்றார். விஷயம் வெளியே தெரிந்தால் மூன்று வீட்டு வேலையும் போய்விடுமே என்ற பயமும் இருந்தது.

இரண்டு வருஷம் கடை மாத்திரையிலேயே ஓட்டினார். பிறகு யாரோ கொடுத்த பெயரில்லாத பொடி. ஒரு வாரத்தில் வலி பறந்துவிட்டதாம்! இப்படி விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வலி அடங்கும், கூடவே முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். பல நாள் தின்றவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு வைத்தியரிடம் போய்ச் சொல்லிவிட்டு, அவர் சொல்கிறபடி நிறுத்துவதே சரி.

மூட்டு வலி எல்லாம் ஒன்றே என்று பலரும் நினைக்கிறோம். வயதானவர்களுக்கு முழங்காலில் வருவது பெரும்பாலும் தேய்மானம். காலையில் கொஞ்சம் விறைப்பு இருந்தாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். மாடி ஏறினால், குந்தி எழுந்தால் வலிக்கும். முடக்குவாதம் வேறு. நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கும். 30, 40 வயதிலேயே வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆரம்ப மாதங்களிலேயே சிகிச்சை தொடங்கினால் பலருக்கு விரல் கோணாமல் காப்பாற்றிவிடலாம். ஆகவே வீக்கமும் காலை விறைப்பும் சில வாரங்கள் நீடித்தாலே சயான், கே.இ.எம்., நாயர் போன்ற மாநகராட்சி மருத்துவமனைக்குப் போய்க் காட்டிவிட வேண்டும். ஈ.எஸ்.ஐ., ரயில்வே வைத்திய வசதி உள்ளவர்கள் அங்கே போகலாம்.

பெரும்பாலோருக்கு முதலில் எழுதித் தரப்படும் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது. மற்ற மாத்திரைகளைப் போல நினைத்துத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த அம்மாள் வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டிருக்கிறது. இடையிடையே ரத்தப் பரிசோதனை உண்டு. இம்மருந்து சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பதையும் இளம் பெண்கள் அறிந்திருக்க வேண்டும்.

மருந்து பிடிக்கப் பல வாரங்கள் ஆகும். அதுவரை வீட்டு வேலை காத்திருக்குமா?

அந்த வீட்டில் முதலில் மாறியது தண்ணீர் விஷயம். 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோ சுமை. இப்போது தண்ணீர் பிடிப்பவன் கல்லூரியில் படிக்கும் மூத்த மகன். முதல் மாதம் குழாயடியில் கேலி பேசினார்களாம்; பிறகு பழகிவிட்டது. டிரம்மின் அடியில் ஒரு குழாய் பொருத்தியிருக்கிறார்கள். குனிந்து மொள்ள வேண்டியதில்லை. அரை வாளி அரை வாளியாகப் பிடித்துக் கொள்ளலாம். குழாயும் திருகுகிற ஜாதி அல்ல, புறங்கையால் தள்ளினாலே திறக்கிற கைப்பிடி வைத்தது. இரவே பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி வைத்துவிடுகிறார்கள். காலையில் அதைப் பொறுக்கும் சூட்டில் விளாவி, கைகளை ஐந்து பத்து நிமிஷம் முக்கி, மெதுவாக மடக்கி விரித்தால் விறைப்பு சீக்கிரம் தளரும். மூட்டு சிவந்து கொதிக்கிற நாட்களில் மட்டும் சூடு வேண்டாம்; ஈரத் துணியே இதம்.

அடுத்தது அடுப்படி. நம் சமையலில் விரலுக்குத் தண்டனையான வேலைகள் அநேகம். கஞ்சி வடிப்பதைச் சொல்லுங்கள்: கொதிக்கும் பானையைத் துணியோடு பிடித்துச் சாய்த்து, மூடி நழுவாமல் நிற்க வேண்டும். பிடி தளர்ந்தால் சோறும் போயிற்று, காலும் வெந்தது. அளவாகத் தண்ணீர் வைத்துக் குக்கரில் பொங்கிவிடுவதே பத்திரம். வடித்த சோறுதான் வேண்டும் என்கிற கணவன்மார்கள் தாங்களே வடித்துக் கொள்ளலாம். புளியைக் கசக்காமல் வெந்நீரில் ஊறப்போட்டுக் கரண்டியால் மசித்து வடிகட்டலாம். பானையைத் தூக்குவதற்குப் பதில் மேடையில் தள்ளி நகர்த்தலாம். தூக்கியே ஆக வேண்டுமானால் இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். காய்கறிப் பையை விரலில் தொங்கவிடாமல் தோளில் மாட்ட வேண்டும். சிறு மூட்டு சுமப்பதைப் பெரிய மூட்டுக்கு மாற்றுவதுதான் இதில் உள்ள சூட்சுமம். இட்லி மாவை விலைக்கு வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கிரைண்டர் கல்லைத் தூக்க முடியாதவர் மாவு வாங்கினால் யாருடைய கௌரவம் குறையும் என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் ரயில்வே அலுவலகத்தில் ஒரு மூத்த குமாஸ்தா பேனாவில் ரப்பர் பேண்டுகளைச் சுற்றித் தடிமனாக்கி எழுதுவார். அவருக்கும் இதே வியாதிதான். மெல்லிய பொருளை இறுகப் பிடிக்கும்போதுதான் விரல் மூட்டில் அழுத்தம் கூடுகிறது. கத்தி, கரண்டிப் பிடிகளில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினால் கரண்டிக்கும் அதே சௌகரியம் கிடைக்கும். செலவு ஒன்றும் இல்லை.

முழங்கால் வலிக்காரர்களுக்குப் பகை தரைதான். அரிவாள்மணையில் குந்தி நறுக்குவது, மோரியில் குந்தித் துணி தேய்ப்பது, தரையை உட்கார்ந்தபடி துடைப்பது ஆகிய மூன்றையும் விட வேண்டும். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து கத்தியால் நறுக்கலாம். நீளக் குச்சி வைத்த துடைப்பான் வாங்கலாம். குந்தும் கக்கூஸுக்கு மேலே போட்டுக் கொள்ளும் ஓட்டை வைத்த நாற்காலி கடைகளில் கிடைக்கிறது. சாலின் பொதுக் கக்கூஸுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக வெட்கப்படுகிறவர்கள் உண்டு. விழுந்து இடுப்பை ஒடித்துக் கொள்வதைவிட வெட்கம் மேல்.

எவ்வளவு வேலை செய்யலாம்? வேலை முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும் கூடுதலாக வலித்தால், செய்தது அதிகம் என்று வைத்துக் கொள்ள வேண்டும். அடுத்த நாள் குறைக்கலாம், அல்லது இரண்டாகப் பிரித்துச் செய்யலாம். படுத்தே கிடப்பதும் நல்லதல்ல. மூட்டு இன்னும் விறைத்துப் போகும்.

மாதுங்காவில் அந்த அம்மாள் கடைசியில் உண்மையைச் சொன்னார். ஒரு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். மற்ற இரண்டு வீடுகளில் காலை ஏழு மணிக்குப் பதில் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். விரல்கள் அதற்குள் தளர்ந்துவிடுகின்றன. மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. சிறிய துணியைக் குழாயில் கோத்து, இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக் கையால் முறுக்கிப் பிழிந்துவிடுகிறார். போர்வை மட்டும் முடிவதில்லை. அதை ஞாயிற்றுக்கிழமை கணவரும் மகனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்குகிறார்கள்.