மறுப்பும் மதிப்பும்

வல்வெட்டித்துறை முத்துமாரியம்மன் ஆலயத் திருவிழாவில் நாதஸ்வர வித்துவான் இராக ஆலாபனையை விரித்தால் நாம் மகிழ்கின்றோம். பழகிய கீர்த்தனையின் காலப்பிரமாணத்தை மாற்றினாலோ முகஞ்சுளிக்கின்றோம். ஸ்வரங்கள் யாவும் எழுதப்பட்டுள்ள மேலைத்தேய பியானோ இசையில் இப்பிணக்கு மேலும் கூர்மையானது. அங்கு கலைஞரின் சுதந்திரம் வேகத்திலும் அழுத்தத்திலுமே பெரிதும் தங்கியுள்ளது.

1962 ஏப்ரல் 6ஆம் திகதி நியூயோர்க் கார்னகி மண்டபத்தில், பிராம்ஸின் முதலாவது பியானோ கொன்செர்டோவை வழமையிலும் மெதுவாக வாசிக்க க்ளென் கூல்ட் முற்பட்டார். வாத்தியக் குழுவின் நெறியாளர் லெனார்ட் பேர்ன்ஸ்டைன், தமக்கு அதில் உடன்பாடில்லை எனச் சபையிலேயே அறிவித்தார்; ஆயினும் கூல்டின் கலைநேர்மையை மதித்து உடன்நின்றார். விமர்சகர் ஹரோல்ட் ஷோன்பேர்க்கோ கூல்டின் திறமையையே ஏளனஞ் செய்தார்.

பேர்ன்ஸ்டைன் காட்டிய வழியே ஏற்புடையது. மரபைக் காப்போர் மறுப்பை வெளிப்படையாகக் கூறலாம், மேடையை மறுக்கலாகாது. முழுமையாகக் கேட்ட பின்னரே தீர்ப்பு வழங்குவோம்.