தீயைத் தாண்டி ஓட வேண்டிய மின்சாரம்

புனே நகரின் ஹிஞ்சவாடி, வாகட், பாணேர், கராடி போன்ற பகுதிகளில் எழுந்துள்ள உயர்ந்த குடியிருப்புகள் ஒவ்வொன்றிலும் தீயணைப்புப் பம்ப் அறை என்று ஓர் அறை உண்டு. தீயணைப்புப் படையின் வண்டி வாசலுக்கு வந்து சேர்ந்தாலும், மேல்தளங்களுக்குப் போதிய அழுத்தத்தில் நீரைத் தரவேண்டிய முதற்பொறுப்பு கட்டடத்தின் சொந்தப் பம்பையே சார்ந்தது. நிமிடத்துக்கு 2,280 லிட்டர் நீரைத் தள்ளும் பம்புகள் இத்தகைய கட்டடங்களில் பரவலாக உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை மின்மோட்டாரால் இயங்குவதால், எரிந்துகொண்டிருக்கும் கட்டடத்துக்குள் அந்த மோட்டாருக்கு மின்சாரம் எவ்வழியாகத் தடையின்றி வந்துசேரும் என்பது உயிர்காக்கும் கேள்வியாகிறது. ஆயினும் பம்பின் திறனுக்குக் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்குகூட அதற்குச் செல்லும் கேபிளுக்குக் கிடைப்பதில்லை.

மகாராஷ்டிராவின் தீத் தடுப்பு மற்றும் உயிர்ப் பாதுகாப்பு நடவடிக்கைகள் சட்டம், 2006, தீப்பாதுகாப்புச் சாதனங்களை இயங்கும் நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை உரிமையாளர் மீதும் குடியிருப்போர் மீதும் சுமத்துகிறது. உரிமம் பெற்ற முகமையிடமிருந்து ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், ‘பி’ படிவச் சான்றிதழ் பெற்றுத் தரவேண்டும் என்றும் அது விதிக்கிறது. தொழில்நுட்ப விவரங்களுக்கோ 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதியே அடிப்படை. 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்த கட்டடங்களை உயர்மாடிக் கட்டடங்களாகக் கொள்ளும் அத்தொகுப்பு, தீயணைப்புப் பம்புகளுக்கு வழக்கமான மின்வழங்கலோடு ஜெனரேட்டர் போன்ற மாற்று வழங்கலும் இருக்கவேண்டும் என்கிறது.

தீப்பற்றியதும் குடியிருப்போர் செய்யும் முதல் வேலைகளுள் ஒன்று மெயின் சுவிட்சை அணைப்பது. மின்கசிவால் மேலும் ஆபத்து நேராதிருக்க அது சரியான செயலே. ஆனால் பம்புக்கான இணைப்பும் அதே சுவிட்சுக்குப் பின்னாலிருந்து பிரிந்து சென்றால், அதை அணைக்கும் கை பம்பையும் சேர்த்தே அணைத்துவிடும். ஆகவேதான் பம்பின் மின்சுற்று, வீடுகளுக்கும் பொது விளக்குகளுக்கும் செல்லும் சுற்றுகளோடு கலவாமல், முதன்மைப் பேனலிலிருந்து நேரடியாகத் தனியே புறப்படவேண்டும் எனப்படுகிறது. அச்சுற்றின் தொடக்கத்தில் உள்ள பிரேக்கரில் நோ-வோல்ட் காயிலை நீக்கிவிட வேண்டும் என்ற விதியும் இந்திய விதித்தொகுப்பில் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளது. கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரைக் கையாண்ட தமிழ்நாட்டு உழவர்களுக்கு இந்தக் காயில் புதிதன்று: மின்னழுத்தம் தாழ்ந்தால் இணைப்பை அது விடுவித்துவிடும், மின்சாரம் திரும்பி வந்தாலும் யாரேனும் சென்று மீண்டும் போட்டால்தான் மோட்டார் ஓடும். புகை சூழ்ந்த அடித்தளத்துக்கு அப்படி ஓர் ஆளை அனுப்ப இயலாது. அமெரிக்க மின்விதி இதே சிந்தனையை இன்னும் கடுமையாகக் கடைப்பிடித்து, மோட்டாரின் சுழற்சி முற்றிலும் தடைப்பட்டு, வழக்கத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு மின்னோட்டம் பாய்ந்தாலும் வழங்கல் பக்கத்துப் பாதுகாப்புக் கருவி துண்டிக்கக் கூடாது என்கிறது. மோட்டார் கருகினாலும் கருகட்டும், கடைசி நொடிவரை நீர் பாயவேண்டும் என்பதே அதன் பொருள்.

கேபிள் செல்லும் பாதையை அலட்சியப்படுத்தியதன் விளைவை 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நிகழ்ந்த ஒன் மெரிடியன் பிளாசா தீவிபத்து காட்டியது. 38 மாடிகள் கொண்ட அந்தக் கட்டடத்தின் 22ஆம் தளத்தில் தீ மூண்டபோது, முதன்மை மின்வழியும் அதற்கு மாற்றான இரண்டாம் மின்வழியும் ஒரே செங்குத்துத் தடத்தில் சென்றதால் இரண்டும் சேர்ந்தே வெப்பத்துக்கு இரையாயின. ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை, லிப்டுகளும் விளக்குகளும் நின்றன, இருளிலும் புகையிலும் வழிதவறிய மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். எட்டுத் தளங்களை எரித்த தீ, 30ஆம் தளத்தில் இருந்த பத்துத் தானியங்கி நீர்த்தூவிகளால்தான் நின்றது. அவற்றுக்கான நீரையும் வெளியே நின்ற தீயணைப்பு வண்டிகளே அழுத்தித் தந்தன. மாற்று வழங்கல் இருப்பதாக வரைபடத்தில் எழுதியிருந்தும் பயனில்லாமற் போனது, இரண்டு வழிகளையும் ஒரே தீ எட்டிவிட முடிந்ததால்தான்.

இந்தியக் கட்டடங்களில் மின்கேபிள்கள் தளந்தோறும் மேலேறும் செங்குத்துப் பொந்தை டக்ட் என்பர். ஒவ்வொரு தளத்திலும் தரைக்கு இணையான தீத்தாங்கும் ஆற்றல் கொண்ட பொருளால் அதை அடைக்கவேண்டும் என்று விதி இருந்தும், அடைப்பின்றித் திறந்து கிடக்கும் டக்டுகள், அவற்றுள் திணிக்கப்பட்ட பழைய பொருட்கள், கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் இருசக்கர வாகனங்களை ஒட்டிய மீட்டர் பலகைகள் ஆகியவை நம் நகரங்களில் அரிய காட்சியல்ல. மொட்டைமாடித் தொட்டியை ஒட்டிப் பம்ப் வைக்கும் கட்டடங்களில் அதன் கேபிள் எல்லாத் தளங்களையும் கடந்தே மேலே செல்லவேண்டியிருப்பதால், அங்கே இந்த ஆபத்து இன்னும் மிகுதி.

கேபிளின் வகையிலும் ஒரு குழப்பம் நிலவுகிறது. எஃப்ஆர்எல்எஸ் எனச் சந்தையில் விற்கப்படும் கேபிள், தீயைப் பரவவிடாமல் குறைந்த புகையை வெளியிடுவது மட்டுமே. தீயில் அகப்பட்டால் அதன் உறை உருகி, கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு, மின்சாரம் நின்றுவிடும். தீயின் நடுவிலும் மின்சாரத்தைக் கடத்தும் கேபிள் வேறு. செம்புக் கம்பியின் மேல் மைக்கா என்ற கனிமத்தாலான நாடா சுற்றப்பட்டிருப்பதால், மேலுறை எரிந்த பின்னும் அந்த நாடா கம்பிகளைப் பிரித்துவைக்கிறது. பிரிட்டனின் பிஎஸ் 6387 தரத்தின் கடுமையான சோதனையில் இத்தகைய கேபிள் 950 டிகிரி செல்சியஸில் மூன்று மணிநேரம் தாங்கவேண்டும். தீயோடு நீர்த்தெளிப்பையும் தீயோடு அதிர்வையும் தனித்தனியே தாங்கவேண்டும். இந்தியாவும் 2021இல் ஐஎஸ் 17505 என்ற தரத்தை இவற்றுக்கென வகுத்தது. விலை கூடுதலான இந்தக் கேபிளுக்கு மாற்றாக, சாதாரணக் கேபிளைக் குறைந்தது 50 மில்லிமீட்டர் கான்கிரீட்டுக்குள் பதிப்பதையும் அமெரிக்க விதி ஏற்கிறது.

பம்பின் பட்டனை அழுத்தி, நீர் வருகிறதா என்று பார்க்கும் சோதனையில் இவை எவையும் வெளிப்படா. தீயில்லாத நாளில் எந்தக் கேபிளும் மின்சாரத்தைக் கடத்தும். எனவே ஜனவரியிலோ ஜூலையிலோ முகமையின் ஆட்கள் வரும்போது, குடியிருப்போர் சங்கம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பம்பை ஓட்டிக்காட்டச் சொல்லலாம். ஒவ்வொரு தளத்திலும் டக்டின் கதவைத் திறந்து அடைப்பைக் காணலாம். பம்புக்கான கேபிளின் மேலுறையில் அச்சிட்டுள்ள தர எண்ணையும் படித்துப் பார்க்கலாம்.