ஐசியூவில் பல் தேய்ப்பது யார்?

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். வென்டிலேட்டரில் படுத்திருக்கிற ஒருத்தருக்கு யார் பல் தேய்ச்சு விடுவாங்க? அவர் உயிருக்குப் போராடும்போது பல்லைப் பத்தி என்ன பேச்சுன்னு தோணலாம். ஆனா அவருக்கு நிமோனியா வருமா வராதாங்கறதுல இதுக்குப் பங்கு இருக்கு.

முதல்ல அந்த டியூப் எங்க போகுதுன்னு பார்ப்போம். வாய் வழியா இறங்கி, குரல்நாண்களைத் தாண்டி, மூச்சுக்குழாய்க்குள்ள போய் நிக்குது. அதோட நுனிப் பக்கம் ஒரு குட்டி பலூன். அதுல காத்து அடைச்சா, சுத்தி இருக்கிற இடைவெளி மூடிக்கும். மெஷின் தர்ற காத்து மேல தப்பிக்காது. ஆனா எச்சில் அந்த பலூன் மேல தேங்கி, ஓரமா கொஞ்சம் கொஞ்சமா கீழே கசியும். நமக்குன்னா புரையேறி இருமித் தள்ளிடுவோம். மயக்க மருந்துல இருக்கிறவருக்கு அந்த இருமல் சரியா வராது.

எச்சில்தானே, போனா என்ன? அந்த வாயோட நிலைமையைப் பாருங்க. நாள் முழுக்க திறந்தே கிடக்கு. மெல்லுற வேலை இல்லை. சில மருந்துகளும் வாயை வறட்டும். எச்சில் வத்தினா வாயைக் கழுவ ஆளில்லை. நாக்குல வெள்ளையா படியும், உதடு வெடிக்கும், டியூப் அழுத்துற இடத்துல புண் வரும். சில நாள்லயே பல் மேல படியிற அழுக்குல சூடோமோனாஸ் மாதிரியான ஆஸ்பத்திரிக் கிருமிகள் குடியேறிடும். கசியிற எச்சிலோட நுரையீரலுக்குப் போறது இதுதான். டியூப் போட்டு 48 மணி நேரம் தாண்டி வர்ற நிமோனியாவுக்கு வென்டிலேட்டர் நிமோனியான்னு தனிப் பேரே உண்டு.

பல வருஷமா இதுக்குக் கொடுத்த பதில் குளோர்ஹெக்சிடின். டென்டிஸ்ட் எழுதித் தர்ற மவுத்வாஷ்ல இருக்குமே, அதேதான். 2014-ல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தப்போ, இதய ஆபரேஷன் அல்லாத நோயாளிகளுக்கு அதனால பலன் உறுதியாகலை. இறப்பு கூடுதோன்னு ஒரு சந்தேகம்கூட வந்துச்சு. நிரூபணம் இல்லை, சந்தேகம்தான். 2022-ல வந்த அமெரிக்க வழிகாட்டுதல், அதை விட்டுட்டு பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்லிடுச்சு.

எனக்கு இதுல ஆச்சரியம் இல்லை. பாசி பிடிச்ச தொட்டியில மருந்து ஊத்தினா மட்டும் போகுமா? தேய்ச்சாத்தான் போகும். 2023 கடைசியில் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழ் 15 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கட்டுரையை வெளியிட்டது. பல் தேய்த்துவிடப்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் வரும் நிமோனியா சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐசியூ இறப்பும் குறைவு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தேய்ச்சாலே போதும், மூணு தடவைக்குக் கூடுதல் லாபம் தெரியலை.

அதுக்காக நீங்க பிரஷ்ஷோட உள்ள போயிடாதீங்க. தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, பலூன் அழுத்தம் பார்த்து, டியூப் நகராம, தேங்குற தண்ணியை உறிஞ்சி எடுத்துக்கிட்டே நர்ஸ் செய்யற வேலை அது. “சிஸ்டர், இன்னைக்கு வாய் கிளீன் பண்ணியாச்சா?”ன்னு கேக்கலாம், தப்பில்லை. அவருக்குக் கழட்டி மாட்டுற பல்செட் இருந்தாலோ, ஆடுற பல் இருந்தாலோ முதல் நாளே சொல்லிடுங்க. ஆடுற பல் கழண்டு மூச்சுக்குழாய்க்குள்ள போயிட்டா அது தனிப் பிரச்சினை.