பாதம் அறிந்து காலணி தேர்வோம்

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடித் தங்கம் வென்றார். 1964இல் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி மீண்டும் வென்றார். ஓடுவது கால், காலணி அதற்குத் துணை மட்டுமே.

ஆண்டுதோறும் மும்பை மாரத்தானைக் கண்டு ஓடத் தொடங்கும் நம்மில் பலர், தடித்த குதிகால் மெத்தையையும் உயர்ந்த விலையையுமே தரத்தின் அடையாளமாகக் கருதுகிறோம். வழக்கமான ஓட்டக் காலணிகள் பலவற்றில் குதிகால் பகுதி முன்பாதத்தைவிட 10 முதல் 12 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். அதனால் குதிகாலை முதலில் ஊன்றி ஓடும் பழக்கம் எளிதில் படிகிறது. இந்த உயர வேறுபாடு 4 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ இருப்பின், பாதம் தன் இயல்பான அடிவைப்பை நெருங்குகிறது.

எனினும் ஒரே நாளில் மாறலாகாது; கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் நோகும். வாரத்திற்கு ஓரிரு குறுகிய ஓட்டங்களில் தொடங்கிச் சில மாதங்களில் பழகுவதே நலம்.

காலணி வாங்க மாலையில் செல்வோம். அப்போது பாதம் சற்றே வீங்கியிருக்கும். ஓடும்போது அணியும் காலுறையுடன் இரு கால்களிலும் அணிந்து, கடையிலேயே சில அடிகள் ஓடிப் பார்ப்போம். விரல்கள் தாராளமாக விரியவேண்டும். அவற்றின் முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ‘போடப் போடச் சரியாகிவிடும்’ என்று விற்பனையாளர் கூறினால், அந்தக் காலணியைத் தயங்காமல் திருப்பிக் கொடுப்போம். முதல் அடியிலேயே உறுத்தும் காலணி எவ்வளவு மலிவாயினும் நமக்கு நட்டமே.