அப்பாவின் பிக்-அப் எனக்கு வைத்த தேர்வு

புதிய பிக்-அப் வீட்டு வாசலுக்கு வந்த அன்று, இருக்கைகளின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட நாங்கள் பிரிக்கவில்லை. அதற்குள் என் கைப்பேசியில் ஒரு பட்டியல் தயாராக இருந்தது. வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தும் கிட், பெரிய டயர்கள், கூரையில் நீளமான எல்இடி விளக்கு, இரும்பு பம்பர். காணொளிகளைப் பார்த்துப் பார்த்து ஆறு மாதமாகச் சேர்த்த பட்டியல் அது.

அப்பா ஈப்போவில் ஏர்கோன் பொருத்தும் வேலை செய்கிறார். பல ஆண்டுகள் உழைத்துக் களைத்த பழைய வேனை விற்று, மீதிக்குக் கடன் எடுத்து வாங்கிய வண்டி இது. துணைப் பொருள்களுக்கென்று அவர் ஒதுக்கியிருந்த பணம் 5,000 ரிங்கிட். என் பட்டியலை மேலிருந்து கீழ்வரை வாசித்தவர், "இதுல எதுப்பா ஏர்கோனைத் தூக்கிக் குடுக்கும்?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"போலிடெக்னிக்ல மெக்கானிக்கல்தானே படிக்கிற? ஒவ்வொண்ணும் என்ன குடுக்குது, என்ன எடுக்குதுன்னு எழுதிக் கொண்டா. அப்புறம் பேசலாம்."

அன்றிரவு நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்தேன். முதலில் டயர். எங்கள் வண்டியில் இருப்பது 265/65 ஆர்17. அதாவது டயரின் அகலம் 265 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு. ரிம்மின் விட்டம் 17 அங்குலம். கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர். நான் ஆசைப்பட்ட 285/70 ஆர்17 டயருக்கு அது சுமார் 831. ஏறக்குறைய 7 விழுக்காடு பெரிது.

இதன் விளைவு என்ன? சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி முன்பைவிட 7 விழுக்காடு கூடுதலாக ஓடும். வேகமானிக்கு இது தெரியாது. பழைய டயரில் மீட்டர் சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், புதிய டயரில் முள் 110-இல் நிற்கும்போது வண்டி உண்மையில் 118 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். நெடுஞ்சாலையின் வேக வரம்பு 110. சம்மன் வந்த பிறகு, "மீட்டர் 110-தான் காட்டியது" என்று யாரிடம் சொல்வது? அது மட்டுமல்ல, டயர் பெரிதாகும் அளவுக்கு வண்டியின் இழுவிசை குறையும். பாரம் ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை ஏறும்போது அது தெரியும்.

அடுத்தது உயர்த்தும் கிட். இரண்டு அங்குலம் என்பது 51 மில்லிமீட்டர். பெரிய டயரால் அச்சு இன்னும் 27 மில்லிமீட்டர் உயரும். மொத்தம் ஏறக்குறைய எட்டு சென்டிமீட்டர். வண்டியின் ஈர்ப்பு மையம் மேலே போகும், வளைவுகளில் நிலைத்தன்மை குறையும் என்று எழுதினேன். பேனாவை வைக்கப் போனபோது இன்னொன்று உறைத்தது. உயர்வது வண்டி மட்டுமல்ல, சரக்குத் தட்டும்தான்.

அப்பாவுக்கு இரண்டு ஆண்டுகளாக முதுகுவலி. ஏர்கோனின் அவுட்டோர் பெட்டி ஒன்று முப்பது கிலோ இருக்கும். அதை ஒரு நாளில் பலமுறை ஏற்றி இறக்குகிறார். முப்பது கிலோவை எட்டு சென்டிமீட்டர் கூடுதலாகத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். 24 ஜூல்கூட இல்லை. இயற்பியல் பாடத்தில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் கையை மார்புக்கு மேல் உயர்த்தி அந்தப் பெட்டியை உள்ளே தள்ளும் ஐம்பது வயது முதுகுக்கு அது ஒன்றுமே இல்லையா? அந்த வரியை நானே அடித்தேன்.

கூரை விளக்கும் நிற்கவில்லை. 180 வாட் விளக்குக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் மின்னோட்டம் போக வேண்டும். மெல்லிய கம்பியில் ஃபியூஸ் இல்லாமல் இழுத்தால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கலாம். ஒழுங்காகப் பொருத்தினாலும், எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் அந்த விளக்கைப் பொதுச் சாலையில் எரிப்பது குற்றம். அப்பா காட்டுப் பாதையில் இரவில் ஓட்டுவதும் இல்லை.

மறுநாள் நோட்டை நீட்டினேன். அப்பா வாசித்துவிட்டு, "சரி, இப்ப உண்மையா என்ன வேணும்னு எழுது" என்றார்.

இந்த முறை பட்டியலின் தலையில் வந்தவை, விலை குறைந்த பொருள்கள்: பூட்டு வைத்த இழுவைப் பட்டைகளும், தட்டின் பக்கவாட்டில் பொருத்தும் கொக்கிகளும். காரணம் உண்டு. பழைய வேனில் ஒருமுறை கயிறு தளர்ந்து, கூரையிலிருந்த ஏணி சாலையில் விழுந்தது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் நூலிழையில் தப்பினார். அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. வண்டி பிரேக் பிடித்தாலும் கட்டப்படாத பொருள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நியூட்டனின் முதல் விதியை நான் புரிந்துகொண்டது வகுப்பறையில் அல்ல, அந்த ஏணியைப் பார்த்துத்தான்.

இரண்டாவது, தட்டின் உட்பூச்சு. வார்ப்புப் பிளாஸ்டிக் விரிப்பு மலிவு. ஆனால் அதற்கும் தகரத்திற்கும் இடையே மழைநீரும் மணலும் தங்கி, பெயின்ட் உராய்ந்து துருப்பிடிக்க வாய்ப்புண்டு. அதனால் தெளித்து ஒட்டும் பூச்சைத் தேர்ந்தெடுத்தோம். அதன் சொரசொரப்பில் பெட்டிகளும் வழுக்குவதில்லை.

மூன்றாவது மூடி. சுருட்டி மூடும் மூடிதான் அழகு. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் அளவு நாடாவை எடுத்தோம். கம்ப்ரசரில் எண்ணெய் இருப்பதால் அவுட்டோர் பெட்டியை நிமிர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும். நிமிர்த்தினால் பெட்டி தட்டின் சுவரைவிட உயரம், மூடி மூடாது. ஆகவே பூட்டு வசதியும் திறக்கக்கூடிய பக்கச் சன்னல்களும் உள்ள கேனோப்பி. எளிதில் தீப்பற்றாவிட்டாலும் ஆர்32 எரியக்கூடிய வாயுதான். அதன் சிலிண்டரைக் காற்றோட்டமில்லாத சூட்டில் அடைத்து வைக்கக் கூடாது. கேனோப்பியின் உள்ளே 6 வாட் எல்இடி விளக்கு ஒன்று. அரை ஆம்பியர் போதும். அதற்கும் ஃபியூஸ் போட்டேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி வந்தால் சிலவற்றை மறக்காதீர்கள். மொத்த எடை வரம்பிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் கிடைப்பதே நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். நீங்கள் மாட்டும் ஒவ்வோர் இரும்பும், உள்ளே உட்காரும் ஒவ்வொருவரும் அதிலிருந்துதான் கழிகிறார்கள். வண்டியின் அமைப்பை மாற்றும் எதையும் கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்பிச் செய்யாமல், முதலில் ஜேபிஜே அலுவலகத்தில் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் தெரிவித்துவிடுங்கள். தொழிற்சாலைக் கம்பியை வெட்டி ஒட்டினால் உத்தரவாதம் கைவிட்டுப் போகலாம். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவதாக இருந்தால், 2019 முதல் உள்ள விதிப்படி முன் கண்ணாடி 70 விழுக்காடும், முன்பக்கச் சன்னல்கள் 50 விழுக்காடும் ஒளியை விட வேண்டும்.

போன வாரம் என் வகுப்பு நண்பன் வீட்டுக்கு வந்தான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னடா, ஒண்ணுமே போடலையா?" என்றான். நான் பின்கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். ஏணி அதன் இடத்தில், சிலிண்டர் நிமிர்ந்து, மூன்று அவுட்டோர் பெட்டிகள் பட்டைக்குள் அசையாமல் நின்றன.

"நாளைக்கு வேலைக்கு ரெடியா இருக்கு" என்றேன். உள்ளேயிருந்து அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை அவரும் சிரித்தார்.