இட்டிலிக் குண்டானும் சேர்வராயன் மலையும்

"ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

தெருக்கோடியில் இந்தக் குரல் கேட்டதும், பரண்மேல் கிடக்கும் ஓட்டை உடைசல்களை நினைத்துக்கொள்ளாத குடும்பத் தலைவி உண்டா? இப்போதெல்லாம் தள்ளுவண்டிக்காரர் பேரீச்சம்பழம் தருவதில்லை, காசாகவே கொடுத்துவிடுகிறார். ஆனால், பேரம் மட்டும் அன்று போலத்தான் நடக்கிறது.

"ஏம்ப்பா, இவ்வளவு பெரிய அலுமினியக் குண்டானுக்கு இவ்வளவுதானா?"

"அடி ஒடுங்கிப் போச்சே, அம்மா! இது உருக்கத்தான் ஆகும்."

'உருக்கத்தான் ஆகும்!' அவர் குறையாகச் சொல்கிற அந்த வார்த்தைக்கும் ஒரு மலையின் ஆயுளுக்கும் சம்பந்தம் உண்டு. எப்படி என்கிறீர்களா? வாருங்கள், கொஞ்சம் ஏற்காடு வரை போய் வருவோம்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறியாயிற்று. ஏரியில் படகு விட்டாயிற்று. குழந்தைகளுக்கு வறுத்த கடலையும் வாங்கிக் கொடுத்தாயிற்று. பெரும்பாலோர் அத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நாம் இன்னும் கொஞ்சம் மேலே போவோம். 5,300 அடிக்கும் மேல், மலையின் உச்சியில், குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகைக்குள் இருக்கிறது சேர்வராயன் கோயில். பக்கத்திலேயே காவேரி அம்மன். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் இங்கே கூடிவிடும். இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களுக்குச் சேர்வராயன் குலதெய்வம் போல. பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்; மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழித்தோன்றல்கள் என்று அவர்கள் தங்கள் கதையைச் சொல்லுவார்கள். பேசுவதும் தமிழ்தான்.

இந்த மலையுச்சிப் பக்கத்தில் சிவப்பும் மஞ்சளும் கலந்த, பொத்தல் பொத்தலான கல் ஒன்று அகப்படும். அதுதான் பாக்சைட். உங்கள் இட்டிலிக் குண்டானின் தாய்!

பல லட்சம் வருஷங்களாக மழை பெய்து பெய்து, பாறையிலிருந்த மற்ற சத்துக்களைக் கரைத்துக்கொண்டு போக, கரையாமல் மிஞ்சி நின்றதே இந்தக் கல். அதனால்தான் அது மலையின் தலையில் தொப்பி வைத்தாற்போல உச்சியில் இருக்கிறது. பொத்தல் நிறைந்த இந்தத் தொப்பி, மழைநீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு, கீழே ஊற்றுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகிறது. சேலத்துத் திருமணிமுத்தாறும், சரபங்கா நதியும், தருமபுரிப் பக்கம் பாயும் வாணியாறும் இந்த மலைத்தொடரில் பிறப்பவையே. முதல் இரண்டும் காவிரியில் போய்க் கலக்கின்றன. உச்சியில் சேர்வராயனுக்குப் பக்கத்தில் காவேரி அம்மனை வைத்தவர்கள் விவரம் தெரியாதவர்களா, சொல்லுங்கள்!

தண்ணீர் மட்டுமா? இந்த மலையின் மேல்மண்ணுக்குள் ஒரு சிறு பாம்பு வாழ்கிறது. விஷம் கிடையாது, மண்ணைத் துளைத்து மண்புழுவைத் தின்று வாழும் சாது. வாலின் முனை கேடயம் போலச் சொரசொரப்பாக இருக்கும். அதனால் கேடயவால் பாம்பு என்று பெயர். சேர்வராயன் மலைக்கே உரிய இந்த இனத்தை 1863-ல் பெட்டோம் என்ற ஆங்கிலேயர் விவரித்தார். அதன் பிறகு நெடுங்காலம் அதை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். 2014-ல்தான் நமது ஆராய்ச்சியாளர்கள், 'இது தனி இனமே' என்று நிலைநாட்டினார்கள். இந்த மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற சிறு மரமும் உண்டு. மண்ணை வாரி எடுத்துவிட்டால் இந்தப் பாம்பு எங்கே போகும்? அதற்கு வேறு மலை கிடையாதே!

மண்ணை வாரத்தான் செய்தார்கள். 1960-களில் மேட்டூரில் அலுமினிய ஆலை எழுந்தது. அணை மின்சாரம் அருகில். பாக்சைட்டோ சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும். நாடு முன்னேற உலோகம் வேண்டும் என்ற காலம் அது. பலருக்கு வேலையும் கிடைத்தது. அதைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும் அல்லவா? ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் நான்கு டன் பாக்சைட் வேண்டும். முதலில் மரமும் புல்லும் போகும், பிறகு மேல்மண், பிறகு தொப்பி. வெட்டிய இடத்தில் சவுக்கு மரம் நடலாம். பல லட்சம் வருஷத்துப் பஞ்சை நட முடியுமா?

2008-ன் இறுதியில் மேட்டூரில் அலுமினியம் உருக்குவது நின்றது. அதனால் மலை தப்பிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. கல் இருக்கும்வரை கேட்பவர்களும் இருப்பார்கள்.

கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது யார்? ஒடிஸாவில் நியமகிரி என்று ஒரு மலை இருக்கிறது. அங்கேயும் உச்சியில் பாக்சைட். அங்கேயும் உச்சியில் தெய்வம், நியமராஜா. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், 'மலைவாழ் மக்களின் கிராம சபைகளைக் கேளுங்கள்' என்று தீர்ப்பளித்தது. பன்னிரண்டு கிராமங்கள் கூடின. பன்னிரண்டும் 'வேண்டாம்' என்றன! சுரங்கம் நின்றது. நம் காவிரிப் படுகையிலும் மண்ணுக்கடியில் எண்ணெயும் எரிவாயும் இருக்கின்றன. 2017-ல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில், துளை போட வேண்டாம் என்று பெண்கள் குழந்தைகளோடு வந்து உட்கார்ந்ததை நாடே பார்த்தது. 2020-ல் தமிழக அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் செய்தது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு அங்கே தடை. ஏற்கெனவே இருந்த கிணறுகள் அப்படியே இருக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வயலானாலும் மலையானாலும் நியாயம் ஒன்றே: அங்கே வாழ்கிறவர்களைக் கேட்காமல் தோண்டக் கூடாது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சேர்வராயன் மலைக் கிராம சபைகளுக்கும் உரியதுதான்.

'இதில் நாங்கள் செய்ய என்ன இருக்கிறது?' என்று வாசகிகள் கேட்கலாம். இருக்கிறது! அலுமினியத்துக்கு ஒரு நல்ல குணம்: எத்தனை முறை உருக்கினாலும் அது அலுமினியமாகவே இருக்கும். கல்லிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் சக்தியில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் பழையதை உருக்கிவிடலாம். ஒடுங்கின குண்டான், ஓட்டை டிபன் டப்பா, கைப்பிடி போன வாணலி இவையெல்லாம் குப்பைக்குப் போனால் அந்த அளவுக்கு எங்கோ ஒரு மலை புதிதாகத் தலை கொடுக்க வேண்டும். இதனால் மட்டும் மலைகள் எல்லாம் பிழைத்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் சமையலறையில் தொடங்கக்கூடிய காரியம் இது.

அடுத்த முறை ஏற்காடு போனால் ஏரியோடு திரும்பிவிடாதீர்கள். மேலே ஏறிச் சேர்வராயனைக் கும்பிட்டுவிட்டு, அந்தச் சிவப்புக் கல்லையும் பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு எடுத்து வரவேண்டாம். அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்!

அதற்குள் தெருவில் வண்டிக்காரர் வந்துவிட்டால், "உருக்கத்தான் ஆகும்" என்று அவர் சொல்லும்போது விலையைப் பற்றி அதிகம் சண்டை போடாதீர்கள்.

"நன்றாக உருக்கு, அப்பா!" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.